வேகம் குறைந்தால் கேட்கும் சத்தம்

போன வாரம் வாசலில் கார் வந்து நின்றதோடு கதையை நிறுத்திவிட்டேன் என்று பல பேர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். "அந்தச் சத்தம் நிஜமா, பெரியவரின் பிரமையா, அதை முதலில் சொல்லித் தொலையுங்கள்" என்று ஒரு வாசகி. சொல்கிறேன் அம்மா, இன்றைக்கே சொல்கிறேன். அந்த வீட்டு மனிதர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே பொறுமை போய்விட்டது.

இன்றைக்குத்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நாலு வரி. புருஷனும் பெண்டாட்டியுமாக ஏசி சர்வீஸ் கடை நடத்துகிறார்கள். கடைப் பலகையில் தன் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று எழுதிக்கொண்ட நாளிலிருந்து அவனுக்கு வீட்டில் 'முதலாளி' என்று பட்டம். அவளை வாடிக்கையாளர்கள் 'மெக்கானிக்கம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அவனுடைய அப்பா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இவர்களோடு இருக்கிறார். கொஞ்ச நாளாக அவர் தன் அறை ஏசியில் 'டொக், டொக்' என்று சத்தம் வருகிறது என்கிறார். வேறு யார் காதிலும் அது விழவில்லை. அப்பாவுக்குத் தலையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக மகள் காரில் வந்து இறங்கியிருக்கிறாள்.

இறங்கியவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"நல்லா இருக்குடா. ஊருக்கெல்லாம் ஏசி பாக்கறவன் வீட்ல அப்பா ஏசி சத்தத்துல தூங்க முடியலன்னு அழுவுறார். கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"அக்கா, முதல்ல உள்ள வா. காபி குடி" என்றான் முதலாளி.

"காபியெல்லாம் அப்புறம். முதல்ல ஏசியைப் போடு. நானே கேக்கறேன்."

மெக்கானிக்கம்மாவுக்கு நாத்தனாரான இவள் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறாள். எதையும் தானே குத்திப் பார்க்காமல் நம்ப மாட்டாள். நாலு பேரும் அறைக்குள் போனார்கள். மாமனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். முதலாளி ரிமோட்டை எடுத்து முழு வேகத்தில் போட்டான். காற்று 'புஸ்' என்று கிளம்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கித் தூக்கி அடித்தது. நாலு பேரும் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கேக்குதாப்பா?"

"இப்போ இல்ல."

"எப்ப கேக்கும்?"

"படுத்து ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா கேக்கும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்த பார்வையில் ஒரு முழு மருத்துவ அறிக்கை இருந்தது. "நான் சொல்லல?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். தம்பியும் 'ஆமாம்' என்று மெல்லத் தலையை ஆட்டினான்.

அதை மாமனார் பார்த்துவிட்டார். மெக்கானிக்கம்மாவும் பார்த்தாள். பெற்ற அப்பாவை வைத்துக்கொண்டு இப்படித் தலையாட்ட ஒருவனுக்கு எப்படி மனசு வருகிறது?

ஆனால் அவளால் அடித்துப் பேசவும் முடியவில்லை. அவளே அந்த ஏசியைப் பார்த்தவள்தான், அதுவும் ஒரு தடவை இல்லை. முன் மூடியைத் தூக்கி, காற்று வரும் வாய் வழியாக டார்ச் அடித்து, உள்ளே படுத்த வாக்கில் சுற்றுகிற உருளை விசிறியை விரலால் உருட்டிப் பார்த்தாள். தொழிலில் அதை ப்ளோயர் என்பார்கள். அது பளபளவென்று இருந்தது. "பரவாயில்லையே, முதலாளி ஒரு தடவையாவது சொந்த வீட்டு ஏசியைக் கழுவியிருக்காரே" என்று புருஷனை மெச்சக்கூடச் செய்தாள். முழு வேகத்தில் போட்டுக் கேட்டாள். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இதில் அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. விசிறி விஷயத்தில் அவள் கை புருஷன் கையைவிட நயமானது என்று மாமனாருக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் அவளைக் கூப்பிடுவதில்லை. "நீ விடும்மா. அவனைக் கூப்பிடு. அவன்தான் பாக்கணும்" என்பார். அவன் வந்து நிற்பான். இவர் ஏசியைப் பார்க்க மாட்டார், மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சத்தம் வருதுடா" என்பார். அவன், "ஒண்ணும் இல்லப்பா, தூங்குங்க" என்று போய்விடுவான். மறுநாள் மறுபடி அதே பாட்டு.

"நாளைக்குக் காலைல நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்" என்றாள் நாத்தனார். "சாப்பிட்டுட்டு மத்தியானமே கிளம்பறோம். அப்பா இனிமே எங்கூடவே இருக்கட்டும்."

"இனிமேன்னா?" என்று கேட்டாள் மெக்கானிக்கம்மா.

"இனிமேன்னா இனிமேதான். இல்லாத சத்தம் கேக்குதுன்னா அது ஆரம்பம். அடுத்தது அடுப்பை அணைக்க மறப்பார், வீட்டுக்கு வழி மறப்பார். நீங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல ஏறிப் போயிடுவீங்க. யாரு பாத்துக்குவா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் கடை போனை எடுத்து யார், எந்த ஏசி, என்ன புகார் என்று பொறுமையாகக் கேட்டு வைக்கிறவர் மாமனார்தான். மெக்கானிக்கம்மா தலை முழுக்கத் தூசியோடு வீட்டுக்கு வரும்போது, "இன்னிக்கு எந்த மெஷின் உன்னைப் படுத்திச்சு?" என்று கேட்கிற ஒரே ஜீவன் அவர். அவரைப் போய், புத்தி தடுமாறியவர் என்ற முத்திரை குத்தி அனுப்புவதா? ஒரு தடவை அப்படிப் போனால் அந்த முத்திரை அழியாது. அப்புறம் அவர் உப்பு கம்மி என்றாலும், "பாவம், அப்படித்தான் சொல்வார்" என்பார்கள்.

"மாமா, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

"நான் சொல்ல வேண்டியதைத் தினம் சொல்லிட்டுத்தானேம்மா இருக்கேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு வழக்கம்போல மகனைப் பார்த்தார். மகன் ரிமோட்டின் பின்பக்க மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கென்று பார்த்து ஊருக்கு வெளியே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் விசிறிச் சோதனை. கோடைக்கு முன்னால் எல்லா வீட்டு ஏசி விசிறிகளையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்ட வேலை, தள்ளிப்போட முடியாது. முதலாளிதான் போவதாக இருந்தது.

"நீங்க அண்ணியோட இருங்க. நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள் மெக்கானிக்கம்மா. அக்காவையும் தம்பியையும் ஒரு மணி நேரம் தனியாக விட்டாலாவது மனசு விட்டுப் பேசுவார்கள் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

அவன் முகம் சட்டென்று மாறியது. "நீ எதுக்கு? நானே போறேன்."

"உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போறாங்க. நீங்க விசிறி பாக்கப் போறீங்களா?"

"சரி, போ. ஆனா செகரட்டரியம்மா வீட்டை மட்டும் விட்டுடு."

"ஏன்?"

"அது... அந்தம்மா ஒரு மாதிரி. நான் பாத்துக்கறேன்."

"என்ன மாதிரி?"

"சொன்னா கேளேன்! எல்லாத்துக்கும் குறுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டு."

அவள் பைக்குள் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிப் போட்ட வேகத்தில் பையே நகர்ந்தது. சொந்தப் பிரச்சினை தலைக்கு மேல் போகிறது, இவர் எந்த வீட்டுக்குப் போகலாம், போகக்கூடாது என்று சட்டம் போடுகிறார்.

குடியிருப்பில் நாலு வீடு முடித்தாள். ஒரு வீட்டில் விசிறிக்குள் பல்லி முட்டை. இன்னொரு வீட்டில் ஏசி வாய்க்கு நேராகக் கட்டிலைப் போட்டுவிட்டு, கழுத்து வலிக்கிறது, ஏசியில் கோளாறு என்றார்கள். மூன்றாவது வீட்டில் தூசி வடிகட்டியைக் கழுவுகிறேன் என்று கழற்றிய மனுஷர் அதை மாட்டவே இல்லை, விசிறி முழுக்க அழுக்கு அப்பிக் கிடந்தது. "அதை எங்க வெச்சீங்க சார்?" என்றால், "அது தேவைன்னு யாரும் சொல்லலையே" என்கிறார். மெக்கானிக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தாவதாக மாடிப்படி ஏறும்போது செகரட்டரியம்மா கையும் மெய்யுமாகப் பிடித்துக்கொண்டாள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். கழுத்தில் கண்ணாடி தொங்கும், கையில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்கும்.

"எங்க வீட்டைத் தாண்டிப் போறே?"

"இல்ல மேடம், உங்க வீட்டுக்கு அவரே வரேன்னார்."

"அவரும் நீயும் ஒரே கடைதானே? வா வா. எனக்கு இன்னிக்கு விட்டா நேரமில்ல."

இதற்கு மேல் என்ன சொல்வது? உள்ளே போனாள்.

முதல் வேலையாக மின்சாரத்தை நிறுத்தினாள். மூடியைக் கழற்றினாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு விசிறியை விரலால் மெல்ல உருட்டினாள். இழை இழையாக நிற்கிற தகடுகள் ஒன்றுவிடாமல் நேராக இருந்தன. வாடிக்கையாளர் வீடாயிற்றே, அதோடு நிறுத்த முடியுமா? பக்கவாட்டு மூடியையும் திறந்து, விசிறியை மோட்டாரோடு இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூவைத் தேடினாள். அது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவள் எந்த வீட்டிலிருந்தும் இறங்கியதில்லை.

ஸ்க்ரூ இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டும் இருந்தது.

டார்ச் வாயிலிருந்து நழுவி சோபாவில் விழுந்தது.

அது செர்ரி நிற நகப்பூச்சு. நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. ஸ்க்ரூவும் கிரீஸுமாகப் புழங்குகிற கைக்கு எதற்கு நகப்பூச்சு என்று அதை மூலையில் போட்டிருந்தாள். அப்புறம் மாமனார் அறைக்குப் புது ஏசி மாட்டிய அன்று, ஸ்க்ரூ இருக்கும் இடம் சட்டென்று தெரியட்டும் என்று விசிறியின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமனார். "உன் நாத்தனார் பார்த்தா சந்தோஷப்படுவா" என்று அவர் கிண்டல் செய்ததும், இரண்டு பேரும் சிரித்ததும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. வேறெந்த வீட்டிலும் அவள் அப்படிப் பொட்டு வைத்ததில்லை.

மாமனார் அறை விசிறி இங்கே எப்படி வந்தது?

"என்னம்மா, ஏதாவது பழுதா?"

"இல்ல மேடம். நல்லா இருக்கு. இது... எப்ப மாத்தினது?"

"உன் வீட்டுக்காரர்தான் போன மாசம் புதுசு போட்டுக் கொடுத்தார். கழுவறேன்னு பால்கனிக்கு எடுத்துட்டுப் போனார். அங்க என்னமோ 'படார்'னு விழுந்துச்சு. என்னன்னு கேட்டேன், வாளி விழுந்துடுச்சுன்னார். அப்புறம், 'இது பழசாயிடுச்சு மேடம், நான் வேற போட்டுத் தரேன்'னு எடுத்துட்டுப் போய், சாயங்காலமே கொண்டுவந்து மாட்டிட்டார். நல்ல மனுஷன்மா. சும்மாவே போட்டுக் கொடுத்தார்."

ஓஹோ. விழுந்தது வாளியாம்!

மெக்கானிக்கம்மாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. விசிறியைக் கீழே போட்டு உடைத்திருக்கிறான். பெரிய இடம், குடியிருப்பு மொத்தமும் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்திருக்கிறான். புதியது வர நாளாகும். வீட்டில் அதே ரக ஏசி அப்பாவின் தலைக்கு மேலே தொங்குகிறது. வீட்டு ஏசிதானே, யார் கேட்கப் போகிறார்கள்? கழற்றிக்கொண்டு வந்து இங்கே மாட்டிவிட்டு, உடைந்ததை ஒட்டி அங்கே மாட்டிவிட்டான். பளபளவென்று இருந்ததற்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்து மெச்சினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று இடித்தது. உடைந்த விசிறி என்றால் அவள் போட்டுப் பார்த்தபோது ஏன் கேட்கவில்லை?

மூடியை மாட்டிவிட்டு, வழக்கப்படி முழு வேகத்தில் போட்டாள். செகரட்டரியம்மாவுக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் இதே வேலை! வந்ததும் ஃபுல்லுல போட்டுட்டு, சரியா இருக்குன்னு போயிடறது. ஃபுல்லுல போட்டா இந்தக் காத்து சத்தத்துல என்ன கேக்கும்? யாரு ஃபுல்லுல போட்டுத் தூங்கறா? நானெல்லாம் தூங்கறப்போ ரொம்பக் கம்மியாத்தான் வைப்பேன். குறைச்சுக் காட்டு."

மெக்கானிக்கம்மா குறைத்தாள். விசிறி பூனை நடை நடந்தது.

மாமனாரும் தூக்க முறையில்தான் போடுவார். படுத்துக் கொஞ்ச நேரம் கழித்து விசிறி தானாக வேகம் குறையும். அப்போது சத்தம் கேட்டு அவர் குரல் கொடுப்பார். இவர்கள் எழுந்து ஓடி வருவார்கள். ரிமோட் கைக்கு வந்ததும் விரல் தானாக முழு வேகத்துக்குப் போய்விடும். தொழில் பழக்கம்! சத்தம் கேட்கிற வேகத்தை நிறுத்திவிட்டு, சத்தம் எங்கே எங்கே என்று தேடியிருக்கிறார்கள் இரண்டு மெக்கானிக்குகளும். அவன் தெரிந்தே போட்டிருப்பான். அவளுக்கு என்ன கேடு?

"மேடம், மீதி வீடு நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வழியெல்லாம் ஸ்கூட்டரில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "என்னம்மா, போன்லயா?" என்றார். "இல்லண்ணா, புருஷன்கூட" என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வீட்டுக் கூடத்தில் மாமனாரின் பை தயாராக இருந்தது. மேலே அவருடைய போர்வை, மாத்திரை டப்பா. நாத்தனார் கார் சாவியோடு நின்றாள். முதலாளி பையின் ஜிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். அந்த ஒரு காட்சியே அவளுக்குப் போதும்போல இருந்தது.

"இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?" என்றான்.

"அஞ்சாவது வீட்டோட வந்துட்டேன்."

வரிசையில் அஞ்சாவதாக வருவது செகரட்டரியம்மா வீடு என்று அவனுக்குத் தெரியும். கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

"அண்ணி, கொஞ்சம் ரூமுக்கு வாங்க. மாமா, நீங்களும் வாங்க. அஞ்சு நிமிஷம்."

"மறுபடியும் ஏசியா? காலைலதானே கேட்டோம்?"

"காலைல கேட்டது காத்து. இப்ப ஏசியைக் கேளுங்க."

ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டாள். வேகத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தாள். காலண்டர் சுவரோடு ஒட்டி அசையாமல் நின்றது. தெருவில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

டொக்.

நாத்தனார் கழுத்தை நிமிர்த்தினாள்.

டொக். டொக்.

"ஐயையோ, ஆமா! என்னது அது?"

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கம்மா மின்சாரத்தை நிறுத்தி, முக்காலியில் ஏறி, இந்தத் தடவை பக்கவாட்டு மூடியையும் திறந்தாள். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஊரான் வீட்டில் செய்கிறதைச் சொந்த வீட்டில் செய்ய அவளுக்கு உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான். ஸ்க்ரூ பக்கத்தில் பொட்டு இல்லை. டார்ச்சை இன்னும் உள்ளே திருப்பினாள். ஓரத்தில் நாலைந்து தகடுகள் பசை போட்டு ஒட்டப்பட்டு, கட்டியாகப் புடைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கட்டிதான் சுற்றுக்கு ஒரு தடவை இடிக்கிறது.

கீழே இறங்கிப் புருஷனைப் பார்த்தாள். சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனால் அவனே சொல்லட்டும். அக்கா முன்னால் அவன் தலையைக் குனிய வைத்தது அவளாக இருக்கக் கூடாது.

"நீங்க சொல்றீங்களா?"

முதலாளி மென்று முழுங்கினான். "அது... மோட்டார் பழசு. தேய்ஞ்சிருக்கும்."

அடக் கடவுளே! இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்னதான் பொறுமை இருக்கும்?

"தேய்ஞ்சிருக்குமா? யாரு தேய்ச்சா? மாமா, அண்ணி, கேட்டுக்கோங்க..."

"நீ சொல்லாதம்மா" என்றார் மாமனார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"செகரட்டரியம்மா வீட்டுக்கு வேலைக்குப் போனவன் பாதியில வந்து, கழுவிக் கொண்டுவரேன்ப்பான்னு எடுத்துட்டுப் போனான். கொண்டுவந்து மாட்டினது நம்மது இல்ல. மாட்டறப்பவே பாத்தேன், செவப்புப் பொட்டு இல்லயே. நான்தானே அன்னிக்கு டார்ச் பிடிச்சேன்? எனக்குத் தெரியாதா?"

நாத்தனார்தான் முதலில் பேசினாள்.

"என்னப்பா சொல்றீங்க? தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுக்கென்ன? தினம் சத்தம் சத்தம்னு..."

"முப்பது வருஷம் இன்ஜின் மேல உக்காந்து பஸ் ஓட்டினவன் நான். இந்த டொக்கு டொக்குல எனக்குத் தூக்கமா கெட்டுடும்?" என்றார் அவர். "அவன் வாயால வரும்னு பாத்தேன். 'அப்பா, உடைச்சுட்டேன், பயந்துட்டேன், உங்களுதை எடுத்துக் கொடுத்துட்டேன்'னு ஒரு வார்த்தை. சரிடா, விடுன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் தினம் கூப்பிட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள் மெக்கானிக்கம்மா. கண்ணில் நீர் முட்டியது.

"உங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே அவனை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்ப. அதுல எனக்கென்ன ஆகப்போகுது?"

முதலாளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாலு நாள்ல புதுசு வந்துடும்னாங்கப்பா, இன்னும் வரல. வந்ததும் மாத்திடலாம்னு..."

"விசிறியை விடு. இன்னிக்குக் காலைல உன் அக்கா எனக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னா. நீ தலையாட்டினே. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவன் கதவு நிலையின் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான்.

நாத்தனார் கட்டிலில் அப்பா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். தம்பியைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நானும் கேக்காம டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேனேப்பா" என்றாள்.

"அழாதம்மா. டாக்டரை வேண்டாம்னு சொல்லு. ஆனா நான் உங்கூட வரேன்."

"மாமா!" என்றாள் மெக்கானிக்கம்மா.

"எதுக்கு மாமாங்கறே? மக வீட்டுக்குப் போறவன் சீக்காளியாத்தான் போகணுமா?" என்று எழுந்தார். "புது விசிறி வந்தா நீ மாட்டாதே. அவன் மாட்டட்டும். மாட்டிட்டு அவனே எனக்கு போன் பண்ணட்டும். என்ன சொல்லணுமோ அதைச் சொல்லட்டும். அப்புறம் வரலாமா வேண்டாமான்னு நான் யோசிக்கறேன்."

பையைத் தூக்க முதலாளி ஓடி வந்தான். அவர் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய், காரின் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். புறப்படும்போது மருமகளிடம், "செகரட்டரியம்மா வீட்டு விசிறி எப்படி சுத்துது?" என்று கேட்டார்.

"சத்தமே இல்ல மாமா."

"சுத்தாதா பின்னே. நம்ம விசிறியாச்சே" என்றார்.

கார் போய்விட்டது. அவள் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே வந்து, தங்கள் அறையிலிருந்து புருஷன் தலையணையை எடுத்து, மாமனார் கட்டிலில் எறிந்தாள். மூடியை மாட்டி, ஏசியை அடிமட்ட வேகத்தில் வைத்து, ரிமோட்டைத் தன் வேலைச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"புதுசு வர்ற வரைக்கும் நீங்க இங்கதான் படுக்கறீங்க."

டொக்.

"நான் வேணும்னு பண்ணலடி" என்றான். "ஒரு நாள் சொல்லல. மறுநாள் சொல்லலாம்னு பாத்தா, 'நேத்து ஏன் சொல்லல'ன்னு கேப்பாரோன்னு இருந்துச்சு. அப்படியே..."

"போனை எடுங்க. அதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க."

எடுத்தான். அப்பாவின் எண் வரைக்கும் விரல் போனது. அங்கேயே நின்றது. அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அப்போது அவன் கையிலேயே போன் அடித்தது. செகரட்டரியம்மா! பதறிப்போய் எங்கெங்கோ அழுத்தினான், ஸ்பீக்கரில் போய் நின்றது.

"தம்பி, உங்க வீட்டம்மா என்ன இப்படி ஓடிட்டா? சரி அதை விடுங்க. சங்கத்துல பேசிட்டேன். எங்க வீட்ல போட்டீங்களே, அந்த விசிறி, சத்தமே இல்லாம அவ்வளவு அருமையா ஓடுது. எல்லா வீட்டுக்கும் அதையே போட்டுடலாம்னு சொல்றாங்க. அது எங்கேர்ந்து வாங்கினீங்க?"

முதலாளி பெண்டாட்டியைப் பார்த்தான். முழி பிதுங்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"கேக்கறாங்கல்ல? சொல்லுங்க" என்றாள். "எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஹலோ? தம்பி? இருக்கீங்களா?"

தலைக்கு மேலே 'டொக்' என்றது. அவன் வாயைத் திறந்தான்.